வன்னியில் ஒரு கொன்சர்ட்டினா: தெரிவு, வாசிப்பு, ஒலிப்பதிவு

கொன்சர்ட்டினா என்று பெயரைச் சொன்னதும், அது முட்கம்பிச் சுருள் அல்லவா என்றுதான் எங்கள் பக்கத்தில் என்னிடம் திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. இழுத்தால் விரிந்து தள்ளினால் மடியும் அந்தக் கம்பிச் சுருளுக்கு ஆங்கிலத்தில் இந்த வாத்தியத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். வன்னிக்குக் கம்பி முந்தி வந்துவிட்டது. வாத்தியம் பிந்தி வந்திருக்கிறது.

கோயில் பசனையிலும் இசை நாடகத்திலும் தேவாலயப் பாடற்குழுவிலும் ஆர்மோனியத்தைக் கேட்டு வளர்ந்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த, இரண்டு கைகளுக்கும் இடையில் பிடித்துத் துருத்தியை இழுத்தும் தள்ளியும் முனைகளிலுள்ள பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் இந்தச் சிறிய வாத்தியத்தின்மேல் ஆசைப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு இதைக் கற்பவருக்கு அருகில் ஆசிரியர் இல்லை, பழுது பார்ப்பவர் இல்லை, கையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கடையும் இல்லை. ஆகவே, வாங்குவதற்கு முன்பு செலவழிக்கும் யோசனைதான் பின்னால் மிச்சமாகும் பணமும் காலமும். தெரிவில் விட்ட பிழையைப் பயிற்சியால் ஈடுசெய்ய முடியாது என்பதைக் காசு கொடுத்தே நான் அறிந்துகொண்டேன்.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு முனை பொருத்தப்பட்டு, மறுமுனை ஒரு துளையின் மேல் விடுதலையாக நிற்கும் மெல்லிய உலோக நாக்கே ரீட். காற்று அதைத் தாண்டிப் போகும்போது அது அதிர்ந்து ஒலிக்கிறது. சீனத்தின் செங் என்னும் பழைய வாத்தியம் இதே தத்துவத்தில் இயங்குவது. ஐரோப்பாவில் இலண்டனைச் சேர்ந்த சார்ல்ஸ் வீற்ஸ்ரன் 1829 இல் பெற்ற காப்புரிமையிலிருந்து ஒரு வகைக் கொன்சர்ட்டினா வளர்ந்தது. ஜெர்மனியின் கெம்னிற்ஸ் நகரில் கார்ல் பிரீட்ரிக் ஊலிக் 1834 இல் வேறொரு வகையைச் செய்தார். நாங்கள் அறிந்த ஆர்மோனியத்தின் மூதாதை, பாரிசில் டெபெயின் 1842 இல் காப்புரிமை பெற்ற வாத்தியம். மூன்றும் ஒரே தலைமுறையில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

ஆர்மோனியத்தில் துருத்தியின் காற்று ரீட்டை ஒரே திசையில்தான் கடக்கிறது. கொன்சர்ட்டினாவில் தள்ளும்போதும் இழுக்கும்போதும் ஒலி வரவேண்டும். ரீட்டோ ஒரு திசைக் காற்றுக்கு மட்டுமே பேசும். ஆதலால் ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ரீட்டுகள் தேவைப்படுகின்றன. 30 பொத்தான் வாத்தியத்துக்குள் 60 ரீட்டுகளும், 48 பொத்தான் வாத்தியத்துக்குள் 96 ரீட்டுகளும் இருப்பது இதனால்தான். அந்த இரண்டு ரீட்டுகளும் ஒரே சுரத்தைத் தருகின்றனவா, வெவ்வேறு சுரங்களைத் தருகின்றனவா என்பதிலேயே வகைகள் பிரிகின்றன. வாங்குபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பளபளப்பையும் விலையையும் பின்னர் பார்க்கலாம்.

முதற்படி: உங்கள் காதிலுள்ள இசைக்கு ஏற்ற வகையைத் தீர்மானித்தல்

ஆங்கிலோ வகையில் ஒரு பொத்தானைத் தள்ளினால் ஒரு சுரமும் இழுத்தால் இன்னொரு சுரமும் வரும். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து நடன இசையும், தென்னாபிரிக்காவின் சூலு மக்களுடைய வாசிப்பும் இந்த வகையில் வேரூன்றியவை. துருத்தி திசை மாறும் ஒவ்வொரு முறையும் இசைக்குத் தானாகவே ஓர் உதைப்புக் கிடைக்கிறது. காவடிச் சிந்து, கும்மி போன்ற, மும்மூன்றாய் எண்ணும் திசிர நடைப் பாடல்களுக்கு அந்த உதைப்பு அழகாகப் பொருந்தும்.

பரவலாகக் கிடைக்கும் ஆங்கிலோ சி/ஜி சுருதியில் அமைந்தது. நடுவரிசை சி, உள்வரிசை ஜி. எங்கள் சுருதிக் கணக்கில் சொன்னால் ஒரு கட்டை, ஐந்து கட்டை. ஆண் குரலுக்கு ஒரு கட்டையும் பெண் குரலுக்கு ஐந்து கட்டையும் வழக்கமாகப் பொருந்துவதால், ஐரோப்பியர் தங்கள் தேவைக்குச் செய்த இந்தச் சோடி எங்கள் பாடகர்களுக்கு அளந்து தைத்த சட்டைபோல் அமைந்துவிட்டது.

ஆயினும் 20 பொத்தான் ஆங்கிலோவை வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். அதில் இரண்டு சங்கராபரண வரிசைகள் மட்டுமே உண்டு. கர்நாடக இசை பயிலும் பிள்ளை முதல் நாள் பாடும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. அந்த இராகத்தின் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் ஒரு கட்டையில் அதற்குள் இல்லை. முதற் பாடத்தையே வாசிக்க முடியாத வாத்தியத்தை மலிவு என்று வாங்கி என்ன பயன்? மூன்றாம் வரிசையோடு 30 பொத்தான் உள்ளதில், ஆர்மோனியத்தின் கறுப்பு விசைகளுக்குரிய அரைச்சுரங்கள் கிடைக்கும். ஆனால் அவற்றிற் சில ஒரு திசையில் மட்டுமே வரும் என்பதையும் மனதிற் கொள்ளவேண்டும்.

இங்கிலிஷ் வகை வீற்ஸ்ரன் வகுத்தது. தள்ளினாலும் இழுத்தாலும் அதே சுரம். சுரங்கள் இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் பகிரப்பட்டிருக்கும்: ச ஒரு கையில் என்றால் ரி மறுகையில், க மீண்டும் முதற் கையில். இப்படியே போனால் ச, க, ப, நி ஒரு பக்கத்திலும் ரி, ம, த மறுபக்கத்திலும் அமைகின்றன. மேற்சட்சமம் கீழ்ச்சட்சமத்துக்கு எதிர்க் கையில் வந்து விழுகிறது. முதல் மாதம் இது தலையைச் சுற்றவைக்கும். பழகியபின், வேகமான சுரக் கோவைகளை இரண்டு கைகளும் பங்குபோட்டு வாசிப்பது போன்ற சுகம் வேறொன்றில் இல்லை. டிரெபிள் எனப்படும் வழக்கமான 48 பொத்தான் வாத்தியத்தில் அரைச்சுரங்கள் அனைத்தும் உண்டு. சட்சமத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு மேலே இராகத்தை வாசிக்க இந்த வகையில் முடியும். ஆங்கிலோவில் தள்ளும்போது கிடைத்த ச–ப ஆதாரம், இழுத்தவுடன் வேறு சுரங்களாக மாறிவிடும். சுருதியோடு வாழும் எங்கள் இசைக்கு இது சிறிய வேறுபாடன்று. சுர ஞானம் ஓரளவு உள்ள தமிழர் ஒருவர் என்னிடம் கேட்டால், இங்கிலிஷ் வகையையே முதலிற் சொல்வேன்.

மூன்றாவது வகை டூயெற். இடக்கையில் தாழ்ந்த சுரங்கள், வலக்கையில் உயர்ந்த சுரங்கள். திசை எதுவாயினும் சுரம் மாறாது. இதன் ஹெய்டன் அமைப்பில் கட்டை மாறினாலும் விரல் வடிவம் மாறுவதில்லை என்பது பாடகருக்குத் துணை வாசிப்பவருக்குப் பெரிய வரம். நிறைவான டூயெற் வாத்தியங்கள் அரியவை, விலையும் கூடியவை. ஆரம்ப வாத்தியங்களில் அரைச்சுரங்கள் முழுமையாக இருப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் எந்த வகையிலும் வராது. ஆர்மோனியத்தின்மீது சுமத்தப்பட்ட அதே குற்றம்தான் இது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்த வாத்தியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. தோடியையும் சகானாவையும் இதில் வாசிக்க முனைந்தால் எலும்புக்கூடுதான் மிஞ்சும். மோகனம், ஹம்சத்வனி, சுத்த சாவேரி போன்ற, சுரங்கள் நேராக நிற்பதைப் பொறுத்துக்கொள்ளும் இராகங்கள் நன்றாக ஒலிக்கும். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சங்கராபரணச் சுரங்களில் அமைத்த நோட்டு சுவர சாகித்தியங்கள், இந்த வாத்தியத்துக்கென்றே பிறந்தவைபோல் இருக்கும்.

இரண்டாம் படி: வாங்குதல்

விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் மலிவுப் பெட்டிகளை விட்டுவிடலாம். பொத்தான் உள்ளே போய் வெளியே வராது; துருத்தி காற்றைத் தாங்காது; பிழை வாத்தியத்திலா தன் கையிலா என்று தெரியாமலே பயில்பவர் கைவிட்டுவிடுவார். நம்பி வாங்கக்கூடிய ஆரம்ப வாத்தியங்கள் உள்ளன. கொன்சர்ட்டினா கொனெக்‌ஷன் என்ற நிறுவனத்தின் 30 பொத்தான் ஆங்கிலோவான ரொஷெல், 30 பொத்தான் இங்கிலிஷ் வாத்தியமான ஜாக்கி, 34 பொத்தான் ஹெய்டன் டூயெற்றான எலீஸ் ஆகியவை இந்த ரகம். பருமன் சற்றுப் பெரிது, தொனி சாதாரணம். ஆனால் எல்லாப் பொத்தானும் ஒலிக்கும், சுருதி நிற்கும். அதற்கு மேலே, அக்கோர்டியன் ரீட்டுகளைப் பொருத்திக் கையாற் செய்யப்படும் நடுத்தர வாத்தியங்கள். அதற்கும் மேலே, பித்தளைச் சட்டத்தில் உருக்கு நாக்குப் பொருத்திய மரபு ரீட்டுகளோடு வரும் வீற்ஸ்ரன், லஷெனால், ஜெவ்றீஸ் போன்ற பழைய பெயர்கள்.

பழைய வாத்தியம் வாங்குவோர் தொனியில் மயங்குமுன் சுருதியைக் கேட்கவேண்டும். நான் முதலில் வாங்கியது இணையத்தில் ஒருவர் விற்ற பழைய இங்கிலிஷ் வாத்தியம். படத்தில் மின்னியது, காணொளியில் இனித்தது. வீட்டுக்கு வந்ததும் ஆர்மோனியத்தோடு சேர்த்து வாசித்தேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. பிரித்தானியாவில் ஒரு காலத்தில் வழங்கிய உயர்ந்த சுருதியில், ஏ சுரம் ஏறக்குறைய 452 ஹேர்ட்ஸில், அது நின்றது. இன்றைய அளவு 440. வித்தியாசம் அரைச்சுரத்தில் ஏறத்தாழப் பாதி. எந்தக் கட்டையோடும் ஒட்டாது. 96 ரீட்டுகளையும் சுரண்டி இறக்குவது இங்கு எவராலும் ஆகாத காரியம். விற்பவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

ஆகவே, காசு அனுப்புமுன் விற்பவரிடம் ஒரு காணொளி கேளுங்கள். அதில் அவர் ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியே தள்ளியும் இழுத்தும் மெதுவாக ஒலிக்கவேண்டும். சுருதி காட்டும் செயலி ஒன்று பக்கத்தில் ஓடவேண்டும். பிறகு எந்தப் பொத்தானையும் தொடாமல் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைத் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல துருத்தி தயங்கித் தயங்கி விரியும். பொத்தென்று விழுந்தால் காற்று ஒழுகுகிறது என்று அறியலாம். தொடாத பொத்தான் மெல்ல முனகினால் உள்ளே அடைப்பு மெத்தை சரியாக மூடவில்லை. ஒரு சுரம் தள்ளும்போது தெளிவாகவும் இழுக்கும்போது கரகரப்பாகவும் வந்தால், அந்த ஒரு ரீட்டில் தூசியோ துருவோ இருக்கலாம்.

கொண்டுவரும் வழியும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து கப்பற் பொதியில் போடச் சொல்லவேண்டாம். வாரக்கணக்கில் இரும்புக் கொள்கலத்துக்குள் வேகும் தோலும் பசையும் அதைத் தாங்கா. விடுமுறைக்கு வரும் உறவினர் ஒருவர் கைப்பையில் கொண்டுவருவதே சிறந்தது. ஒன்றரைக் கிலோகூட வராத பெட்டிதான். என்னுடைய இரண்டாவது வாத்தியம், அத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் படி: வன்னிக் காலநிலையில் வைத்திருத்தல்

கோடையில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் வற்றிச் சுருங்கும். அப்போது ரீட் பலகையின் இடைவெளிகளில் காற்றுக் கசிந்து, ஒலி மெலிந்து, சில ரீட்டுகள் சட்டம் தளர்ந்து இரையும். மாரியில் வாடைக்காற்றோடு ஈரம் ஏறினால் மரம் ஊதி, பித்தளைச் சட்டத்தை நெரித்து, நாக்கு அசைய இடமில்லாமல் ஊமையாகும். இரண்டையும் கண்டு பதறி வாத்தியத்தைத் திறந்து சுரண்டத் தொடங்கியவர்களே அதைக் கெடுத்தவர்கள். காலநிலை மாறும்வரை பொறுத்தால் பல குறைகள் தாமாகவே மறைந்துவிடும்.

நன்றாக மூடும் பெட்டி, அதற்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதிகள் சில, மாதம் ஒருமுறை அவற்றை வெயிலிலோ சட்டியிலோ காயவைத்தல்: மாரிக்கு இவை போதும். கோடையில் பொதிகளை எடுத்துவிடுங்கள். பெட்டியை நிலத்தில் வைத்தால் கறையான் ஏறும். அலுமாரியின் நடுத்தட்டு நல்லது. வாத்தியத்தை நிமிர்த்தி வைக்காமல், மடியில் இருக்கும் கிடையிலேயே படுக்கவைத்தால் உள்ளேயுள்ள தோல் மடல்கள் தொங்கிப் போகாது. நந்திக்கடல் ஓரத்திலோ கொக்கிளாய்ப் பக்கமோ வசிப்பவர்கள் கடற்காற்றில் வெளியே வாசிக்காதிருப்பது உத்தமம். உருக்கு ரீட்டுக்கு உப்பைப்போல் எதிரி கிடையாது.

கிரவல் வீதிப் புழுதியால் ஒரு ரீட் அடைபட்டால், முனைப் பலகையின் ஆணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தித் திறக்கவேண்டும். எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை நாக்கின் கீழ் நுழைத்து மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் புழுதி வந்துவிடும். அரத்தைத் தொடவேண்டாம். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

நான்காம் படி: வாசிக்கத் தொடங்குதல்

கைப்பிடி இல்லாத கதிரையில் நிமிர்ந்து இருங்கள். வாத்தியத்தின் ஒரு முனையை, இடது முனை என்று வைத்துக்கொள்வோம், இடத்தொடையில் ஊன்றி அசையாமல் வைத்து, மறுமுனையை மட்டும் அசையுங்கள். தொடையில் ஊன்றவேண்டியது முனைச் சட்டம். துருத்தியின் மடிப்புகளைச் சாரத்தில் தேய்த்தால் சில வருடங்களில் ஓட்டை விழும். இங்கிலிஷ் வகையில் பெருவிரலை ஒரு தோல் வளையமும் சின்னவிரலை ஓர் உலோகத் தகடும் தாங்குகின்றன. பாரம் முழுவதும் பெருவிரலுக்கு வருவதால், தொடையின் துணை இல்லாமல் வாசிப்பவர்களுக்கு விரைவில் வலி வரும்.

பொத்தானை அழுத்தாமல் துருத்தியை ஒருபோதும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. ஆங்கிலோவில் வலப் பெருவிரலுக்குக் காற்றுப் பொத்தான் ஒன்று உண்டு; திறப்பதும் மூடுவதும் அதை அழுத்தியே.

முதல் வாரம் பாட்டு வேண்டாம். சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து, ஒரே பொத்தானில் எட்டு அட்சரம் தள்ளி, எட்டு அட்சரம் இழுத்து, ஒலியின் அளவு தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றாக இருக்கும்வரை செய்யுங்கள். பாடகருக்கு மூச்சு எதுவோ அதுதான் இங்கு துருத்தி. விரலை எவரும் பழக்கிவிடலாம். துருத்தியைப் பழக்கியவரின் ஒரு சுரம் போதும், அவர் வாசிப்பவர் என்று தெரிந்துவிடும். பலமாக அமுக்கினால் ரீட்டின் சுருதி சற்று இறங்கும் என்பதையும் சுருதிப் பெட்டியோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் காது கண்டுகொள்கிறது.

சி/ஜி ஆங்கிலோவில் சங்கராபரணம் இப்படி வரும். இடக்கை நடுவரிசையில், சின்னவிரற் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாம் பொத்தானில் ச தள்ளு, ரி இழு. நான்காம் பொத்தானில் க தள்ளு, ம இழு. ஐந்தாம் பொத்தானில் ப தள்ளு, த இழு. அடுத்து வலக்கை நடுவரிசையின் முதற் பொத்தானில் நி இழு, மேற்சட்சமம் தள்ளு. தள்ளு–இழு என்று ஒழுங்காக வந்த நடை, த–நி என்ற இடத்தில் இரண்டு இழுப்பாக மாறுவதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் இடறும் இடம் அது. இதே வடிவத்தை உள்வரிசையில் வாசித்தால் ஐந்து கட்டைச் சங்கராபரணம் கிடைக்கும். ம, நி இரண்டையும் விட்டால் மோகனம்: தள்ளு, இழு, தள்ளு, தள்ளு, இழு, தள்ளு. ஒரு கும்மி மெட்டை முதல் மாதத்திலேயே வாசித்து வீட்டாரைச் சமாதானப்படுத்த அது போதும்.

ஆர்மோனியத்தின் வெள்ளை விசைகளுக்குரிய இதே வெள்ளைச் சுரங்களுக்குள் வேறு இராகங்களும் ஒளிந்திருக்கின்றன. கிரக பேதம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று: ரிஷபத்தைச் சட்சமமாகக் கொண்டால் கரகரப்பிரியா, காந்தாரத்தில் அனுமத்தோடி, மத்திமத்தில் மேசகல்யாணி, பஞ்சமத்தில் அரிகாம்போதி, தைவதத்தில் நடபைரவி. நிஷாதத்தில் தொடங்கினால் பஞ்சமம் இல்லாது போவதால் அது மேளம் எனப்படும் தாய் இராகமாகாது. சுருதிப் பெட்டியை இரண்டு கட்டைக்கு மாற்றி, நடுவரிசையையே ரிஷபத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். புதிய பொத்தான் ஒன்றையும் தொடாமல் இராகம் மாறிவிடும்.

அடுத்த கட்டம் வரிசை தாண்டுதல். மேற்சட்சமம் நடுவரிசையில் தள்ளும்போது மட்டும் வருகிறது. உள்வரிசையின் இடக்கை நான்காம் பொத்தானில் அதே சுரம் இழுக்கும்போது வருகிறது. ஆகவே த–நி–ச என்ற பிடியை முழுவதும் ஒரே இழுப்பில் வழுக்கிச் செல்லலாம். எந்த இடத்தில் துருத்தியைத் திருப்புவது என்பது வாசிப்பவரின் முடிவாகும்போது ஆங்கிலோ வேறு வாத்தியமாகிவிடுகிறது. பாடலின் அடி முடியும் இடத்திலும் தாளம் விழும் இடத்திலும் திருப்புங்கள்; சொல்லின் நடுவில் திருப்பினால் அந்தச் சொல் உடையும். இங்கிலிஷ் வாசிப்பவர்களுக்கும் இந்த விதியே. அவர்களுக்குச் சுரம் மாறாததால், எங்கும் திருப்பலாம் என்ற சோம்பல் சீக்கிரம் வந்துவிடும்.

இங்கிலிஷ் வகையில் தொடங்குபவர்கள் சரளி வரிசையை மாயாமாளவகௌளையிலேயே வழக்கம்போல் தொடங்கலாம். நடு இரண்டு வரிசைகளில் வெள்ளைச் சுரங்கள், வெளி இரண்டு வரிசைகளில் அரைச்சுரங்கள் என்ற அமைப்பை விரல்கள் அப்போதே கற்றுக்கொள்ளும். ச–க–ப ஒரே கையில் முக்கோணமாக அமைவதால், பாட்டுக்குத் துணை சேர்ப்பதும் எளிது. சரளி வரிசை போட்டது போதும் என்று மனம் சொன்னாலும், ஜண்டை வரிசையை விடவேண்டாம்: ஒரே சுரத்தை இருமுறை தெளிவாக வெட்டி ஒலிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கேட்பதும் பயிற்சியே. கிளேரின் எலிசபெத் குரொற்றி, நோயல் ஹில், இங்கிலாந்தின் மொறிஸ் நடன இசைக்கு வாசித்த வில்லியம் கிம்பர், இங்கிலிஷ் வகையில் அலிஸ்டர் அன்டர்சன் ஆகியோரின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. மெட்டைப் பிடிக்க முனையாமல், எங்கே துருத்தி திரும்புகிறது என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஒலிப்பதிவு

முதலில் இடம். தகரக் கூரையின் கீழ் கொன்சர்ட்டினாவைப் பதிவு செய்வது கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுவதற்குச் சமம். மழை வந்தால் பேச்சே இல்லை. சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவரும் உள்ள அறையில் இதன் கூர்மையான ஒலி சுவருக்குச் சுவர் பாயும். கிடுகுக் கூரை ஒலியை நன்றாக உறிஞ்சும். அப்படியொரு கொட்டில் இன்னும் இருந்தால் அதிர்ஷ்டம். எனக்கு வாய்த்த சிறந்த பதிவறை எங்கள் நெல் அறைதான். அறுவடை முடிந்து மூன்று பக்கமும் மூட்டைகள் அடுக்கியிருக்கும் மாதங்களில் அங்கே எதிரொலி என்பதே இல்லை. நெல்லை விற்றபின் பாய், மெத்தை, பழைய சேலைகள் என்று தொங்கவிட்டுச் சமாளிக்கவேண்டும்.

அடுத்தது நேரம். காலையில் மயில், மாரி இரவில் தவளை, வயல் விளையும் காலத்து இரவுகளில் யானைகளை விரட்டும் வெடி. என் அனுபவத்தில் மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் ஊர் உறங்குகிறது. ஆனால் மின்விசிறியை நிறுத்தவேண்டும்; வியர்வை கைப்பட்டியில் ஊறும்; ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டு, துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். பல்லியை மட்டும் எவராலும் தடுக்க முடியாது. நல்ல வாசிப்பொன்றின் இறுதிச் சட்சமத்துக்குப் பல்லி ஆமோதித்த பதிவு என்னிடம் உண்டு. அதை நான் அழிக்கவில்லை.

ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வாத்தியத்தின் உண்மையான சிக்கல். புல்லாங்குழலுக்கோ வயலினுக்கோ ஒலி புறப்படும் இடம் ஒன்று. இதற்கு இரண்டு முனைகள், அவையும் எதிரெதிர்த் திசையைப் பார்ப்பவை, வாசிக்க வாசிக்க அசைபவை. ஒவ்வொரு முனைக்கும் அருகே ஓர் ஒலிவாங்கி வைத்து இடம், வலம் என்று பிரித்துவிட்டால், இங்கிலிஷ் வகையில் ஒவ்வொரு சுரமும் பக்கம் மாறுவதால், கேட்பவரின் காதில் சரளி வரிசை பந்தாட்டமாகிவிடும். ஆங்கிலோவில் தாழ்ந்த சுரங்கள் ஒரு காதிலும் உயர்ந்தவை மறு காதிலும் போய் நிற்கும். அத்துடன், துருத்தி விரியும்போது முனை ஒலிவாங்கியை நெருங்குவதும் விலகுவதுமாக இருப்பதால், ஒலியின் அளவு அலைபோல் ஏறி இறங்கும். பொத்தானின் தட்டலும் காற்றின் இரைச்சலும் சுரத்தைவிட முன்னுக்கு வந்துவிடும்.

ஆகவே முன்னால், 60 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை விலகி, வாத்தியத்தின் உயரத்திலிருந்து சற்று மேலே வைத்து, துருத்தியின் நடுவை நோக்கிச் சரியுங்கள். கைத்தொலைபேசி ஒன்றே இருந்தாலும் இந்த இடம் பொருந்தும். இரண்டு ஒலிவாங்கிகள் குறுக்காகப் பொருத்திய சிறிய கையடக்கப் பதிவுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் இயல்பான அளவில் பிரிந்து கேட்கும். தனித்தனி ஒலிவாங்கிகள்தான் உண்டென்றால், அவற்றை முனைகளிலிருந்து விலக்கி முன்பக்கம் கொண்டுவந்து, கலக்கும்போது இட வலப் பிரிப்பை அரைவாசிக்கும் குறைவாக வையுங்கள். ஒரு முனையைத் தொடையில் ஊன்றும் பழக்கம் இங்கே மீண்டும் கைகொடுக்கும்: அசையும் முனை ஒன்றாகக் குறைகிறது.

தொலைபேசியில் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தவேண்டும். அது இயங்கினால், நீங்கள் ஒரு வாரம் பாடுபட்டுப் பழகிய துருத்தி ஏற்ற இறக்கத்தை ஒரே மட்டமாகத் தட்டிவிடும். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிற்றில் பதியுங்கள். மிகப் பலமான இடத்தை முதலில் வாசித்துப் பார்த்து, ஒலியளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்லமுடியாத இடத்தில் மின்கலத்தில் இயங்கும் கருவியே உறுதியானது. மின்னேற்றி செருகியிருந்தால் வரும் மெல்லிய உறுமலும் இராது.

வாசிக்கத் தொடங்குமுன் பத்து விநாடி அமைதியைப் பதியுங்கள். பின்னர் ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அறையின் இரைச்சலை அடையாளம் காட்ட அது உதவும். அந்த நீக்கத்தைக் கொஞ்சமாகச் செய்யுங்கள். அதிகமானால் ரீட்டின் ஒலி தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். சி/ஜி ஆங்கிலோவின் நடுவரிசையில் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ், டிரெபிள் இங்கிலிஷ் வாத்தியத்தில் 196. ஆதலால் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் துணிந்து வெட்டலாம். அங்கே இருப்பது வீதியில் போகும் உழவு இயந்திரமும் கதிரையின் அசைவும்தான். உலோக முனைப் பலகையுள்ள வாத்தியம் காதைக் குத்தினால், 2 முதல் 4 கிலோ ஹேர்ட்ஸ் வரையான பகுதியை இரண்டு மூன்று டெசிபெல் தணியுங்கள். எதிரொலி சேர்ப்பதானால் கறியில் பெருங்காயம் அளவு.

ஒரே பாடலை மூன்று முறை முழுதாக வாசித்துப் பதிந்து, மூன்றையும் அன்றே கேட்காமல், மறுநாள் காதுக் கருவியில் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் தேறும்: முதலாவதில் கை நடுங்கும், மூன்றாவதில் துருத்தி களைத்திருக்கும். தேறியதற்கு இராகம், கட்டை, திகதி, வாத்தியத்தின் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, தொலைபேசிக்கு வெளியே வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தபின், வாத்தியத்தைத் துடைத்து, சிலிக்கா பொதி இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியை மூடுங்கள்.